தேனீக்கு முகம் கிடைத்த கதை

ஆடி மாதக் காலை. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். மேற்கே மலை மேகத்துக்குள் போயிருந்தது. குற்றாலத்துச் சாரலில் நனைந்து வந்த காற்று முகத்தில் ஈரமாகப் பட்டது. 'ரோஜா' படம் எடுத்த நாளிலிருந்தே இந்த ஊருக்குப் படம் எடுக்க ஆள் வருவது வழக்கம். அன்றும் வரப்பு ஓரமாகக் கார்கள் நின்றிருந்தன. மஞ்சள் வயலைப் பின்னால் வைத்துக் குடும்பம் குடும்பமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஒரே ஒரு பூவின் முன்னால் அரைமணி நேரமாக அசையாமல் இருந்தேன்.

களை எடுக்க வந்த ஆச்சி ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்தில் வந்து கேட்டார்.

"தம்பி, ஒத்தப் பூவுல அப்படி என்னத்தத் தேடுதிய?"

"தேனீயத்தான் ஆச்சி."

கேமராவின் திரையைத் திருப்பிக் காட்டினேன். மகரந்தம் அப்பிய ஒரு தேனீயின் தலை திரை முழுக்க நின்றது. ஆச்சி இடுப்புச் சுருக்கிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"எய்யா, இதுக்குக் கண்ணுலயும் முடி இருக்கே!"

எனக்குச் சிலிர்த்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன் ரோம் நகரில் ஒருவர் இதே தலையை உற்றுப் பார்த்து, இதே முடியைக் கண்டு, அதைக் காகிதத்தில் வரைந்து வைத்தார். பூச்சிகளை நெருங்கிப் படம் எடுக்கும் கலை பிறந்தது அந்தத் தேனீயிலிருந்துதான்.

நீட்டிய குழாய்

கலிலியோ வானத்தைப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே குழாயை அவர் ஈயின் பக்கம் திருப்பிய கதை அவ்வளவாகத் தெரியாது. தொலைநோக்கியின் குழாயை நீட்டி, இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டினால், அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதையும் பெரிதாகக் காட்டும் என்று அவர் கண்டுகொண்டார். 1614இல் தன்னைப் பார்க்க வந்த ழான் தார்த் என்ற பிரெஞ்சுக்காரரிடம், ஈயை ஆட்டுக்குட்டி அளவுக்குப் பார்த்ததாகவும், அதன் உடம்பெல்லாம் முடி என்றும் சொன்னார்.

இந்த 'நீட்டிய குழாயை' வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை நெடுக அது நம்மோடு வரும்.

1624இல் கலிலியோ இன்னும் கச்சிதமான ஒரு கருவியைச் செய்து ஃபெடெரிகோ செசிக்கு அனுப்பினார். 'லின்செய்' என்ற அறிஞர் கழகத்தை நிறுவியவர் செசி. அந்தக் கழகத்தைச் சேர்ந்த ஜொவான்னி ஃபாபர் 1625இல் அந்தக் கருவிக்கு 'மைக்ரோஸ்கோப்' என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு, அதே கழகத்தின் ஃபிரான்செஸ்கோ ஸ்டெல்லூட்டி அதன் வழியே தேனீயைப் பார்த்தார். அவர் கண்டதை மத்தேயுஸ் க்ரொய்டர் செப்புத்தகட்டில் செதுக்கினார். 'மெலிசோகிராஃபியா' என்ற அந்த ஒற்றைத் தாளில் மூன்று தேனீக்கள்: ஒன்று முதுகைக் காட்டி, ஒன்று வயிற்றைக் காட்டி, ஒன்று பக்கவாட்டில். கீழே கால், கொடுக்கு, நாக்கு என்று உறுப்புகள் தனித்தனியே. மைக்ரோஸ்கோப் வழியே பார்த்து வரைந்து அச்சேறிய படங்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் முதலாவது இது.

எத்தனையோ உயிர்கள் இருக்க, தேனீ ஏன்? அப்போதைய போப்பாண்டவர் எட்டாம் உர்பன், பார்பெரினி குடும்பத்தவர். அந்தக் குடும்பச் சின்னத்தில் மூன்று தேனீக்கள் உண்டு. போப்பின் ஆதரவை வேண்டி அவருடைய குலச்சின்னத்துத் தேனீயையே உயிருள்ள தேனீயாக வரைந்து காணிக்கையாக்கினார்கள். அந்த ஆதரவு நிலைக்கவில்லை. எட்டே ஆண்டுகளில், 1633இல், அதே போப்பின் ஆட்சியில் கலிலியோ விசாரணைக் கூண்டில் நின்றார். பூமி சுற்றுகிறது என்று சொன்னதற்குத் தண்டனை கிடைத்தது. தேனீக்குக் கண்ணில் முடி என்று சொன்னதை யாரும் மறுக்கவில்லை. பெரியதைப் பற்றிய உண்மை அடக்கப்பட்ட ஊரில், சின்னஞ்சிறியதைப் பற்றிய உண்மை பிழைத்துக்கொண்டது.

அசையாமல் நிற்காத உயிர்

1665இல் லண்டனில் ராபர்ட் ஹூக்கின் 'மைக்ரோகிராஃபியா' வெளிவந்தது. ஈயின் கண், தேனீயின் கொடுக்கு, மடித்து வைத்த பெரிய தாளில் ஒரு தெள்ளுப்பூச்சி எல்லாம் அதில் இருந்தன. இன்று பூச்சியைப் படம் எடுப்பவர்கள் எல்லோரும் படும் பாட்டை முதலில் எழுதி வைத்தவரும் ஹூக்தான். எறும்பு நிற்கவே மாட்டேன் என்றது. கொன்றால் உடல் சுருங்கி வடிவம் கெட்டது. கடைசியில் பிராந்தியில் முக்கி அதை மயக்கித்தான் வரைந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்துவிட்டு எறும்பு எழுந்து ஓடிப்போயிற்று.

அதே காலத்தில் நெதர்லாந்தின் யான் ஸ்வாமர்டாம், 'தேனீக்களின் அரசன்' என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த பெரிய தேனீயை அறுத்துப் பார்த்துச் சூலகத்தைக் காட்டினார். அரசன் அன்று அரசி ஆனாள். நெருங்கிப் பார்ப்பது அழகுக்காக மட்டும் நடந்த வேலை இல்லை என்பதற்கு இது ஒன்றே சாட்சி.

இதெல்லாம் கை வரைந்த காலம். ஒளியே வரையத் தொடங்கியது 1840ஐ ஒட்டி. இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட், சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பி மைக்ரோஸ்கோப்புக்குள் பாய்ச்சி, பூச்சி இறக்கைகளின் நரம்பை ஒளிப்படத் தாளில் பதித்தார். ஒளிப்படக்கலை பிறந்த கையோடு பூச்சியிடம் போய்விட்டது. ஆனாலும் அது செத்த பூச்சியின் இறக்கை. உயிரோடு இருப்பதைப் பிடிக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

1904இல் பாரிஸில் லூசியன் புல், மின்பொறியின் கண்ணிமைக்கும் வெளிச்சத்தில் பறக்கும் பூச்சிகளை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்தார். லண்டனில் கல்வித்துறை எழுத்தராக இருந்த பெர்சி ஸ்மித், ஈயின் நாக்கை அருகில் எடுத்த படத்தால் கவனம் பெற்றார். 1910இல் வெளிவந்த அவருடைய படத்தில் ஓர் ஈ கால்களால் தன்னைவிடப் பெரிய பொருள்களைச் சுழற்றியது. திரையரங்கில் மக்கள் திகைத்துப்போனார்கள்.

அமெரிக்காவில் டேவிட் ஃபேர்சைல்டும் அவர் மனைவி மேரியனும் செய்ததுதான் என் மனசுக்கு நெருக்கமானது. ஃபேர்சைல்ட் நாடு நாடாகப் போய்ப் பயிர்வகைகளைச் சேகரித்தவர். நம் நாட்டு மாமரங்களையும் கொண்டுபோனவர். அவர்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்துப் பூச்சிகளையே எடுத்தார்கள். அதற்காகச் செய்த கேமரா பல அடி நீளம். லென்ஸை ஒரு முனையிலும் படத்தகட்டை மறு முனையிலும் வைத்து நடுவே துருத்தியை நீட்டிக்கொண்டே போனார்கள். கலிலியோவின் அதே நீட்டிய குழாய்! 'நம் கொல்லைப்புறத்துப் பூதங்கள்' என்ற பொருளில் 1913இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் அந்தப் படங்கள் வந்தன. மறு ஆண்டு புத்தகமாயின. காடு மலை தேடிப் போக வேண்டாம், வாசலில் இறங்கினால் போதும் என்று அவை சொல்லின.

எழுத்துக்குப் பிறந்த லென்ஸ், பல்லுக்குப் பிறந்த விளக்கு

கையில் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிற மாதிரி மேக்ரோ லென்ஸ் வந்தது 1955இல். ஜெர்மானியரான ஹைன்ஸ் கில்ஃபிட் செய்த 'மாக்ரோ-கிலார்' என்ற 40 மி.மீ. லென்ஸ் அது. அதற்குமுன் துருத்தியோ குழாயோ தனியாக மாட்டித்தான் நெருங்க முடியும். கில்ஃபிட் அந்த நீட்டலை லென்ஸின் உடம்புக்குள்ளேயே வைத்தார். வளையத்தைத் திருகத் திருக லென்ஸ் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

மறு ஆண்டு ஜப்பானில் வேறொரு தேவையிலிருந்து இன்னொன்று பிறந்தது. பத்திரிகைகளையும் ஆவணங்களையும் மைக்ரோஃபிலிமில் சுருக்கிச் சேமிக்கும் வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. ஆங்கில எழுத்தைச் சுருக்கினாலும் படித்துவிடலாம். ஜப்பானியர் எழுதும் காஞ்சி எழுத்துகளில் கோடுகள் நெருக்கமானவை. சுருக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புப் புள்ளியாகிவிடும். அந்தக் கோடுகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை வேண்டும் என்று நிக்கான் நிறுவனத்தின் வாக்கிமோட்டோ ஸென்ஜி வடிவமைத்ததே 1956இன் 'மைக்ரோ-நிக்கார்'. 1961இல் அதன் 55 மி.மீ. வடிவம் எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு வந்தபோது, எழுத்துக்குச் செய்த கூர்மை பூச்சியின் கண்ணுக்கும் பயன்பட்டது. ஒரு மொழி தன் எழுத்தைக் காப்பாற்றப் பட்ட பாட்டில் விளைந்த கண்ணாடி, இன்று தென்காசியில் தேனீயின் உணர்கொம்பைக் காட்டுகிறது.

வெளிச்சத்தின் கதையும் இப்படித்தான். லென்ஸைச் சுற்றி வளையமாக எரியும் 'ரிங் ஃபிளாஷ்' 1952இல் லெஸ்டர் டைன் செய்தது. பல் மருத்துவர்கள் வாய்க்குள் நிழல் விழாமல் படம் எடுப்பதற்காக. பூவின் குழலுக்குள்ளும் அதே நிழல்தானே!

பறக்கும்போதே எடுக்கும் ஆசையை நிறைவேற்றியவர் இங்கிலாந்தின் ஸ்டீபன் டால்டன். தேனீ நொடிக்கு இருநூறு தடவைக்கு மேல் சிறகடிக்கும். அதை உறையவைக்க, நொடியில் 25,000இல் ஒரு பங்கு நேரம் மட்டுமே மின்னும் ஃபிளாஷை வைத்துப் பாடுபட்டார். 1975இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் பூச்சிகள் காற்றில் நின்றன.

அருகில் போனால் மெலியும் கூர்மை

இனி நம் கைக்கு வருவோம். மேக்ரோ என்றால் என்ன? 1 செ.மீ. தேனீ கேமராவின் சென்சார் மேலும் 1 செ.மீ. அளவிலேயே விழுந்தால் அது 'ஒன்றுக்கு ஒன்று'. அதைச் சாதிக்க விலை கூடிய லென்ஸ் கட்டாயமில்லை. 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 50 மி.மீ. நீளத்துக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டினால் போதும். அந்தக் குழாய்க்குள் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் காற்றுதான். அல்லது லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி, ரிவர்ஸ் ரிங் என்ற வளையத்தால் பொருத்தினாலும் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கும்.

நான் தொடங்கியதும் அப்படித்தான். பழைய ஃபிலிம் கேமரா ஒன்றின் 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டி, வீட்டு முற்றத்துத் துளசிச் செடியில் முதல் படம் எடுத்தேன். கிடைத்ததைக் கோத்துக் கருவி செய்துகொள்ளும் இந்த வழக்கத்துக்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்னோர் இருக்கிறார். 1912இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த அவர், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென ஒரு கருவி செய்து 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார்.

நெருங்குவதற்கு விலை உண்டு. குழாய் நீண்டதும் வெளிச்சம் குறைகிறது. ஒன்றுக்கு ஒன்றில் கால் பங்குதான் மிஞ்சும். அதைவிடப் பெரிய விலை, கூர்மையின் ஆழம். லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை எஃப் 8இல் வைத்தால் ஏறத்தாழ 1 மி.மீ. கனத்துக்குத்தான் படம் துல்லியமாக இருக்கும். தேனீயின் கண் தெளிந்தால் இறக்கை கலங்கும். இறக்கை தெளிந்தால் கண் கலங்கும். அப்பர்ச்சரை இன்னும் சுருக்கினால் ஆழம் கொஞ்சம் கூடும், ஆனால் ஒளி சிதறிப் படமே மழுங்கிவிடும். அதனால் கண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம். கண் தெளிவாக இருந்துவிட்டால் மற்றதெல்லாம் கலங்கினாலும் பார்ப்பவர் அந்த உயிரைச் சந்தித்துவிடுகிறார்.

இதைத் தாண்டவும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஃபோகஸை நூலிழை நூலிழையாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் கணினியில் சேர்த்தால் ஒரே படம் முழுக்கத் தெளிவாகிவிடும். இதை ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்கிறார்கள். லெவோன் பிஸ் என்ற கலைஞர் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்துப் பூச்சிகளை இப்படி எடுத்து 2016இல் காட்சிக்கு வைத்தார். ஒவ்வொரு பூச்சிக்கும் ஆயிரக்கணக்கான படங்கள். அவை பாடம் செய்த உடல்கள், அதனால் பொறுத்துக்கொண்டு நின்றன. சுந்தரபாண்டியபுரத்துத் தேனீ நிற்காது.

சாரலும் காற்றும்

எங்கள் ஊரில் இந்தக் கலைக்கு முதல் எதிரி காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்துவரும் சாரல் காலத்துக் காற்று, காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று. 1 மி.மீ. தெளிவை நம்பி உட்கார்ந்திருப்பவனுக்குப் பூ ஒரு விரல்கடை ஆடினாலும் எல்லாம் போச்சு. இரண்டு வீச்சுக்கு நடுவே காற்று ஒரு நொடி மூச்சு வாங்கும். அந்த நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பயனில்லை; உடம்பையே அரிசி அளவு முன்னும் பின்னும் சாய்த்துக் கண் தெளியும் இடத்தில் விரலை அழுத்த வேண்டும்.

இரண்டாவது பாடம், விடியற்காலை. குளிரில் பூச்சிகளால் உடனே பறக்க முடியாது. நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் இராத்திரி ஒரு காய்ந்த குச்சியைத் தாடையால் கடித்துக்கொண்டு வரிசையாகத் தொங்கியபடியே தூங்கும். வெயில் ஏறுவதற்குள் போனால் பனித்துளி கோத்த உடம்போடு அவை அப்படியே இருக்கும். சிலர் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரக்கவைத்து எடுக்கிறார்கள், ஒட்டிவைத்தும் எடுக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. விடியலின் குளிரே தருகிற அவகாசத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

மூன்றாவது, எங்கே பார்ப்பது என்பது. குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கும் மேலே தேனருவி இருக்கிறது. பாறை முகட்டில் மலைத்தேனீக்கள் கட்டும் அடைகளால் வந்த பெயர். அங்கே போகப் பொதுமக்களுக்கு அனுமதியில்லை, போகவும் வேண்டாம். மலைத்தேனீ கீழே இறங்கி நம் வயலுக்கே வரும். முருங்கை பூத்த வீட்டில் கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத்தேனீ வரும். புதரில் சிறிய ஒற்றை அடை தொங்கினால் அது கொம்புத்தேனீ. சுவர் இடுக்கில் மெழுகுக் குழல் வைத்து வாசல் கட்டியிருந்தால், கொடுக்கில்லாத கொசுத்தேனீ. நீளம் 4 மி.மீ. கூட இருக்காது. ரோஜா இலையில் வட்டவட்டமாக யாரோ கத்தரித்த மாதிரி இருந்தால் இலைவெட்டித் தேனீயின் வேலை. கத்தரிப் பூவின் மகரந்தம் மகரந்தப்பைக்குள் அடைபட்டிருக்கும். நீலப்பட்டைத் தேனீ அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்த்து எடுக்கும். காது கொடுத்தால் அந்த ரீங்காரம் சட்டென்று சுருதி ஏறுவது கேட்கும்.

உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. தேன் எடுக்கிற சிலவற்றுக்கு மட்டுமே நாம் பெயர் வைத்திருக்கிறோம். மற்றதெல்லாம் நமக்கு 'பூச்சி'. அந்த ஒற்றைச் சொல்தான் மருந்தடிக்கும் கைக்குத் துணிச்சல் தருகிறது. காய்க்க வைப்பதும் பூச்சி, அரிப்பதும் பூச்சி, எல்லாம் சாகட்டும் என்று விசைத்தெளிப்பானை முதுகில் மாட்டுகிறோம். படம் இதை மாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முகத்தைப் பார்த்துவிட்ட உயிரை வெறும் பூச்சி என்று சொல்ல நாக்கு தயங்கும். இன்று கைப்பேசியில் மாட்டும் சிறு மேக்ரோ லென்ஸே போதும். எந்தப் பூவில், எந்த நாளில், எந்த ஊரில் என்று குறித்து எடுத்தால் பள்ளிப் பிள்ளையின் படமும் ஆவணம்தான்.

சிவன் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபை குற்றாலத்தில் இருக்கிறது. மற்ற நான்கு சபைகளிலும் சிலையாக ஆடும் கூத்தன் இங்கே சுவரில் எழுதிய ஓவியமாக ஆடுகிறான். ஊர் அந்தப் படத்தைக் கும்பிடுகிறது. படத்துக்கு உயிர் உண்டு என்று தலைமுறை தலைமுறையாக நம்பிவந்த மண் இது. அதன் வயலில் ஒரு தேனீயின் படத்துக்கும் அந்த மதிப்பு கிடைக்க வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசையாக எனக்குத் தோன்றவில்லை.

அன்று காலை, படத்தைப் பார்த்து முடித்த ஆச்சி உடனே போய்விடவில்லை. பக்கத்துப் பூவில் இன்னொரு தேனீ, கால் இரண்டிலும் மஞ்சள் மூட்டையோடு, பூவின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. ஆச்சி அதன் முன்னால் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி, கண்ணுக்கும் பூவுக்கும் நடுவே பிடித்து, மெல்ல முன்னால் நீட்டினார். கொஞ்சம் இழுத்தார். மறுபடி நீட்டினார். ஓரிடத்தில் கை நின்றது.

"ஆமய்யா," என்றார், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. "தெரியுது."